பச்சை டிக் போட்ட குதிரைவாலிச் சோறு

போன வருஷம் பருத்தி எடுக்கும் சமயம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து அண்ணன் போன் செய்தார். மதினி காட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்களாம். ஆபீசில் போட்டது போட்டபடி நரிக்குடியிலிருந்து பஸ் ஏறினேன்.

போனால், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா என்று டாக்டர் கேட்டதும் மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தான் திங்கிறேன் டாக்டரம்மா. செல்லுல கணக்கே இருக்கு, பாருங்க!"

அந்தக் கணக்குக்குக் காரணம் நான்தான். மூட்டு வலிக்கு எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, கலோரிக் கணக்குப் போடும் ஆப்பை அவர் செல்லில் ஏற்றி, சின்னத் தராசு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தேன். எந்த உணவில் எத்தனை கலோரி என்று அதில் யார் வேண்டுமானாலும் பதியலாம். "பச்சை டிக் இருந்தா நம்பலாம் மதினி, நெறையப் பேரு சரி பாத்தது" என்று பாடம் வேறு எடுத்திருந்தேன்.

செல்லை வாங்கிப் பார்த்தேன். எல்லா நாளும் போதுமான கலோரி. டாக்டர் பட்டினி என்கிறார், ஆப் இல்லை என்கிறது, அண்ணனோ "என்னத்தா சொல்லிக் குடுத்த இவளுக்கு?" என்று முறைக்கிறார். வேறு ஏதும் பெரிய வியாதியோ என்று பயந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி அளப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். அவர்கள் காட்டில் விளைந்த குதிரைவாலிதான். வெந்த சோற்றைத் தராசில் வைத்தார். நூறு கிராம், ரெண்டு கைப்பிடிகூட இல்லை. ஆப் பச்சை டிக்கோடு முந்நூறு கலோரிக்கு மேல் காட்டியது. அட, அது வேகாத அரிசிக்கு உள்ள கணக்காச்சே! தண்ணீரில் வெந்து உப்பிய சோற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதானே வரும்? பாவி மனுஷி, கொஞ்சூண்டு சாப்பிட்டுவிட்டு மூன்று மடங்காக எழுதியிருக்கிறார்.

"எந்தக் கூறுகெட்டது இத ஏத்துனது?" என்று, பதிந்தவர் பெயரைத் தேடினேன். 'கரிச்சி'. நான் சின்ன வயசில் வளர்த்த ஆட்டின் பெயர். ஆப்பில் நான் வைத்திருக்கும் பெயரும் அதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடுகிற பஸ்ஸில், அரிசிப் பாக்கெட்டைப் பார்த்து, 'குதிரைவாலிச் சோறு' என்று நானே ஏற்றியது. மதினியிடம் உண்மையைச் சொன்னேன்.

மதினி சிரித்துவிட்டார். "அப்ப ஒம் பேச்சக் கேட்டுத்தான் பட்டினி கெடந்தேனா? சரி, இன்னும் ரெண்டு கரண்டி போடு." எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அன்றே திருத்திவிட்டேன். ஆனால் அளந்தே பார்க்காமல் அத்தனை பேர் எப்படிச் சரி என்று டிக் போட்டார்கள்? எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் என் கணக்கை நம்பி அரை வயிற்றோடு எழுந்தார்களோ என்று, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.