ஆறு பானைகள்தான் கட்டினேன்

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் இன்றைக்கும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்...

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். என் கூட்டாளி காசிம் கொழும்பில் கடைவேலை பார்ப்பவன். அங்கே படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் சறுக்கப் பழகி, லீவில் வரும்போது ஒரு ஒற்றைப் பலகையும் கொண்டுவந்துவிட்டான். இரண்டு காலும் அதிலேயே, முன்னும் பின்னுமாக.

படகுக்கு எங்கே போவது? ரிப்பேருக்கு வந்த ஜீப் இருந்தது! முதலாளியிடம் டெஸ்ட் டிரைவ் என்று புளுகிவிட்டு, குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் ஓட்டுவேன். பின்னால் கயிறு, கயிற்று நுனியில் காசிம். ஆறு மண்பானைகளை வாயடைத்து, சுண்ணாம்பு பூசி, நகராமல் இருக்கக் கயிற்றில் கல் கட்டி மிதக்கவிட்டேன். கரைப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. வளைந்து வளைந்து ஆறையும் சுற்ற வேண்டும்.

நாலாவதில் தவறாமல் கவிழ்ந்தான். பலகையின் மூக்கு தண்ணீரில் குத்துகிறது என்று கண்டுபிடித்து, பாதத்தை மாட்டிக்கொள்ளச் சைக்கிள் டியூபில் செய்த கால்வாரை ஒரு விரற்கடை பின்னால் தள்ளி அடித்தேன். கயிற்றை நெஞ்சுக்கு இழுக்காமல் இடுப்போடு வைக்கப் பழகினான். முக்கியமாக, சுற்றுகிற பானையைப் பார்க்கக் கூடாது, அடுத்த பானையைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் பலகை போகும்.

ஒன்றை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை.

முந்தின வருஷம், கரி படிந்த பழைய பானையைக் கவிழ்த்துப் பிடித்தபடி குளத்தைக் கடந்த ஒருவர் மடைப்பக்கம் மூழ்கிப்போனார். ஆள் மறுநாள் கிடைத்தார். பானை கிடைக்கவே இல்லை. சொன்னால் காசிம் குளத்தில் கால் வைக்க மாட்டான். அடுத்த வாரம் கப்பல் ஏறுவதற்குள் ஆறையும் சுற்றிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி. எனக்கும்தான்.

கடைசி நாள். சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது, காற்றே இல்லை. கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினேன். நாலு... ஐந்து... ஆறு! ஹாரனை அழுத்தினேன். அவன் கயிற்றை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மடைப்பக்கம் முகத்தைத் திருப்பி, இன்னொரு பானையைச் சுற்றுகிறவன் மாதிரி சாய்ந்தான். அங்கே வெறும் தண்ணீர்தான். திடீரென்று ஜீப் பின்னால் கனத்தது, இரண்டு ஆள் தொங்குகிற கனம். பிரேக்கை மிதித்தேன். அவன் மூழ்கினான்.

என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, தானே நீந்திக் கரையேறினான். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏழாவது எப்பம்லே கட்டுன? சுண்ணாம்புகூட அடிக்கல, கரிப்பானையா கெடக்கு."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

"அதப் பிடிச்சிக்கிட்டு ஒரு ஆளு மெதந்தாருல்லா... ஒங்க ஒர்க்‌ஷாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பானைகளை இழுத்துக் கரையில் போட்டேன். ஆறுதான் இருந்தன.

காசிம் போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசிவரை அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை, பாவி நான். இப்போது அவன் பேரன் துபாயில் சறுக்குகிறான். மோட்டார் படகு, கலர் கலராகப் பந்துகள், கால்வாரை நகர்த்த ஸ்குரூ... நமக்கு ஏது அதெல்லாம். எண்ணிக்கொண்டே பாருங்கள் தாத்தா என்று வீடியோ அனுப்புவான்.

எண்ணுவேன். அங்கேயும் ஆறுதான். ஆறாவதைச் சுற்றிய பிறகும் வீடியோ கொஞ்ச நேரம் ஓடும் போலிருக்கிறது. அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.