ஊசிச் சத்தத்தில் கேட்ட பாட்டு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடும் இடத்தில் பின்னால் போய் நிற்பவன். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு எழுதி வைக்கும் இரண்டு வரியைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என்னிடம் இருந்த இசைத்தட்டுகளைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்க வேலையில் நான் இன்னும் பர்மனன்ட் ஆகாமல் கான்ட்ராக்டில் இருந்த காலத்தில், கம்பெனியின் பெரிய குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு அதிகாரி மாற்றலாகிப் போனார். அவர் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் இசைத்தட்டு போடும் ஒரு பிளேயரும் ஒரு அட்டைப்பெட்டியும் வாசலில் மிஞ்சின. "இதுக்கு இடமில்லப்பா. வேணும்னா எடுத்துக்கோ" என்றார் அதிகாரி வீட்டு அம்மா. மற்றவர்கள் மர ஸ்டூலுக்கும் வாளிக்கும் போட்டி போட்டதால் பெட்டி எனக்கு வந்தது.

உள்ளே இருந்தவை ராக் அண்ட் ரோல் தட்டுகள். அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் போட்டவை. ஒரு அட்டையில், எண்ணெய் வைத்துத் தூக்கி வாரிய முடியோடு ஒருவர் கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி, கீழே விழுந்துவிடுவார் போல் பின்னால் சாய்ந்து நிற்பார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

பிறகு பர்மனன்ட் ஆகி, கல்யாணமாகி, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மிஷினான எக்ஸ்கவேட்டரில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர். அவருக்கு நைட் ஷிஃப்ட் இல்லாத வாரம் எதிர்வீட்டுக்காரருக்கு இருக்கும், அவருக்கு இல்லாத வாரம் எனக்கு. பகலில் எங்கள் வரிசையில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். மிக்ஸியை எப்போது போடலாம் என்று பெண்கள் கேட்டுக்கொண்டு போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஓடப் பழக்குவதற்கு முன்பே மெதுவாகப் பேசப் பழக்கினோம். இதில் நான் எங்கே ராக் அண்ட் ரோல் போடுவது?

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தட்டைச் சுற்றவிடுவேன். ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. ஆனால் ஊசியிடம் காதைக் கொண்டுபோனால், பாட்டு அந்த ஊசியிலிருந்தே மெலிசாகக் கேட்கும். பாட்டிலுக்குள் மாட்டிய கொசு பாடுவது போல இருக்கும். அதையும் அடிக்கடி செய்ததில்லை. ஆள் இல்லாத ஒரு நாள் வரும், அன்றைக்குச் சத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

இந்த வருடம் எங்கள் வரிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேறு பிளாக்கில் மாடி வீடு. பரணும் கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தபோது தட்டுகளைப் படம் எடுத்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டாள். மறுவாரமே சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய தட்டுகளை வாங்கி விற்பவர். தட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"சார், எப்படி சார் இவ்ளோ சுத்தமா இருக்கு? தேய்மானமே தெரியல. யாருமே பிளே பண்ணலையா?"

"ஷிஃப்டுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"சரி, அட்டை மூலையில என்ன நம்பர் சார்? எல்லாத்துலயும் மார்க்கர்ல எழுதியிருக்கு."

"குவார்ட்டர்ஸ் நம்பருங்க. எங்க ஊர்ல ஏணி, சேர், குண்டான் எல்லாத்துலயும் எழுதிடுவோம். இரவல் போனாலும் திரும்பி வந்துடும்."

"இந்தத் தட்டெல்லாம் யார் சார் இரவல் கேக்கப் போறாங்க? இப்ப பாருங்க, பாதி விலை போச்சு" என்றார்.

ஒன்றில் மட்டும் நம்பர் இல்லை. அந்தச் சாய்ந்து நிற்கும் ஆளுடைய தட்டு. அட்டையில் ஆளைச் சுற்றி முழுக்கக் கறுப்பாக இருந்ததால் எழுதினால் தெரியாது என்று விட்டிருந்தேன். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு எதையும் பிளே பண்ணிடாதீங்க சார்" என்றார்.

சனிக்கிழமை எனக்கு வார விடுமுறை. பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், நாளைக்குப் போய்விடும். இந்தப் பாட்டைச் சத்தமாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இத்தனை வருடம் காவல் காத்திருக்கிறேன். எழுந்து சமையலறைக்குப் போனேன்.

"சாயங்காலம் ஒரு தட்டு போடப் போறேன். சத்தமா."

என் மனைவி முத்தாண்டிக்குப்பத்துக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "இன்னாத்துக்கு? போடாதீங்கன்னு அந்த ஆளு படிச்சிப் படிச்சி சொல்லிகினு இருக்காரு. சரி, நம்பர் போட்டதுல ஒண்ணப் போட்டுக் கேளுங்க."

"அந்தக் கறுப்பு அட்டைதான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது போற வெலைக்குப் புது வூட்டுக்கு அலமாரியே செஞ்சிடலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. இருந்தாலும் அதைத்தான் போடுவேன்."

கரண்டியை மறுபடி எடுத்தாள். "உங்க ஆசை. ஆனா பக்கத்து வூட்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து படுத்துகினு இருக்காரு. நான் போய்க் கேக்க மாட்டேன். நீங்களே கேட்டுகினு வாங்க."

வரிசையில் மற்றவர்கள் ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். கேட்க வேண்டியது அந்த ஒரு வீட்டில்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தக் கதவை நான் தட்டியதில்லை. எது வேண்டுமென்றாலும் அவள்தான் போவாள். சட்டையை மாற்றிக்கொண்டேன். மதியம் மூன்று மணிக்கு மேல் எழுந்திருப்பார் என்று கணக்குப் பண்ணி, கேட் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் தட்டினேன்.

அவர் மனைவி கதவைத் திறந்து பதறிவிட்டார். "என்னண்ணாச்சி, அக்காவுக்கு ஒடம்புக்கு எதும் முடியலையா?"

"இல்லம்மா. ஒரு பாட்டு..."

"பாட்டா?"

"யாருளா அது?" என்று கேட்டுக்கொண்டே கைலியோடு அவரும் வந்துவிட்டார். "என்னவே அதிசயமா இருக்கு! நீரு நம்ம வாசப்படி ஏறிட்டீரே!"

"சாயங்காலம் கொஞ்சம் சத்தமா ஒரு பாட்டு போடலாம்னு... பழைய தட்டு, ஷிஃப்ட் தூக்கம் கெடுமேன்னு சத்தமா போட்டதே இல்ல. நீங்க மறுபடி படுக்கிறதா இருந்தா வேணாங்க."

"படுத்தா என்னவே? அந்த மிஷினுக்கு அடியில நின்னுக்கிட்டே தூங்குறவன் நான். உம்ம பாட்டா என்னை எழுப்பப் போவுது?"

"பொய் சொல்லாதீக" என்றார் அவர் மனைவி. "நான் கடுகு தாளிச்சாலே, எவன்ளா அங்க வெடி போடுதான்னு எந்திச்சு வாரீக."

"அது கடுகுளா. பாட்டு வேற." என் பக்கம் திரும்பினார். "இத்தன வருசமா இதுக்குத்தான் போடாம வச்சிருந்தீரா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

ஆறு மணிக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். "சரி, நானும் வாரேன் கேக்க" என்றார்.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். ஊசியைத் துடைத்துத் தட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டினேன். என் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

முதலில் கரகரப்பு. அப்புறம் கிட்டார். அப்புறம் அந்த ஆள் கத்திய கத்தலில் காலியாகக் கிடந்த எதிர்வீட்டுத் திண்டில் இருந்த காக்கை பறந்துபோனது. பாட்டுக்கு அடியில் தடித்த கம்பி ஒன்று தும் தும் என்று நடந்துகொண்டே இருந்தது. ஊசிச் சத்தத்தில் அது கேட்டதே இல்லை. அப்படி ஒன்று அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. பாட்டின் பாதியைத்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

"இங்கிலீஷ்காரன் நம்ம ஊர்க் கொட்டுக்காரன் மாதிரியில்லா இருக்கான்!" என்று எழுந்த திருநெல்வேலிக்காரர் பிளேயர் இருந்த மேஜையில் தாளம் போட ஆரம்பித்தார். நான் தடுப்பதற்குள் ஓங்கி ஒரு அடி. ஊசி துள்ளி, தட்டின் குறுக்கே சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது.

தட்டை எடுத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய வெள்ளைக் கோடு.

"என்னவே, கெடுத்துட்டனா?" என்றார் அவர், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

என் மனைவி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைத் திருப்பினேன்.

"இன்னொரு பக்கம் இருக்கு" என்றேன். "உக்காருங்க. மேஜையத் தொடாதீங்க."

அவள் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தை முழுக்கக் கேட்டோம்.

மறுநாள் காலை சென்னைக்காரர் வந்தார். ஒவ்வொரு தட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நம்பர் போட்டவற்றை எடுத்துக்கொண்டு, கோடு விழுந்ததை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.