அம்மன் கொடுத்த கட்டில்

எனக்கு ஒரு கட்டில் வேண்டியிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என் கணவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். தியாகராய நகரில், ஒரு பெரிய வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் ஒண்டுக்குடித்தனம். மழை பெய்தால் தரை ஊறும். நான் அப்போது கர்ப்பம். அம்மா இல்லாததால் பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடும் கிடையாது. பாயிலிருந்து எழுவதற்கு இப்போதே சன்னல் கம்பியைப் பிடிக்கிறேன், ஐப்பசி மழையில் கைக்குழந்தையோடு எப்படித் தரையில் படுப்பது என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் அகராதியில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

அந்த வைகாசியில் அடித்த காற்றில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற வேப்பமரம் சாய்ந்தது. கிளைகளை விறகுக்காக ஆளாளுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். அடிமரத்தைத் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. மாநகராட்சி ஆட்கள் வந்து வழியை அடைக்காமல் அதை ஓரமாக உருட்டிவிட்டு, வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவர் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "இந்தா, உன் கட்டில்!" என்றார்.

அதுவரை அவர் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஆனால் எதையும் புத்தகத்தில் படித்துச் செய்துவிடலாம் என்று நம்புகிறவர். அவர் நம்பியது அது ஒன்றைத்தான். சாமி பூதமெல்லாம் கிடையாது. எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, ஓமம் இல்லை. நான் வடபழனி கோயிலுக்குப் போனால் கூடவே வருவார், வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வார்.

நூலகத்திலிருந்து மரவேலைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெட்டிய முனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறிவிடும், அப்போதுதான் மரம் வெடிக்கும், ஆகவே முனையை அடைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம். வீட்டில் மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருந்தது. தெருவைப் பார்த்திருந்த வட்டமான முகப்பு முழுக்க அதைப் பூசினார். பிறகு, மரத்தின் நட்டநடுப் பகுதி பலகையில் வந்தால் பிளந்துவிடும், அதைத் தவிர்த்து அறுக்க அடையாளம் வேண்டும் என்றார். என் சிவப்பு நகப்பூச்சில் பாதியைக் காலி செய்து, மஞ்சள் வட்டத்தின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

வேப்பமரம். மஞ்சள் முகம். சிவப்புப் பொட்டு. புத்தகம் படிக்காத எனக்கே அது யாரென்று புரிந்தது. "என்னங்க, இது வேற மாதிரித் தெரியுதே" என்றேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான்" என்றார்.

ஈக்காட்டுத்தாங்கலில் மரம் அறுக்கும் அண்ணன் தம்பி இருவர் அடுத்த வாரமே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரவில்லை. ஆடி மாதம் வந்துவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை காலை, தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாள் அடிமரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் காட்டினாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடியற்காலையில் அடுப்போடு வருகிறவள். அவள் குரலுக்குத் தெருவில் எதிர்க்குரல் கிடையாது. இரண்டாம் வெள்ளிக்குள் அம்மனுக்குச் சிவப்புப் பாவாடை, எலுமிச்சை மாலை, தலைக்கு மேல் கீற்று எல்லாம் வந்துவிட்டன. எங்கள் மாடி மாமி படியிறங்கி வந்து, "வேண்டிண்டேன்டி, மறுநாளே கேஸ் சிலிண்டர் வந்துடுத்து" என்று என் காதோடு சொன்னாள்.

என் கணவர் கொதித்துப்போனார். கும்பலுக்கு நடுவில் நின்று, "இது பெயிண்ட்! நான் அடிச்சது!" என்று கத்தினார்.

"நீதான் அடிச்ச நைனா, யாரு இல்லேன்னா?" என்றாள் இட்லிக்கார அம்மாள். "அடிக்கச் சொன்னது யாரு, அத்தச் சொல்லு. பச்சை கீது, நீலம் கீது. உங்கையில ஏன் மஞ்சா வந்துச்சு?"

அவர் கையில் ஒரு சொம்பு கூழைக் கொடுத்து, குடித்துவிட்டு மிச்சத்தைப் பேசச் சொன்னார்கள். பசியோ என்னவோ, குடித்தார்.

அறுப்புக்காரர்கள் அன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்தார்கள். ரம்பத்தைக் கீழே வைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். "இன்னா சார் இது, ஆத்தா மேல ரம்பம் வெக்கச் சொல்றியே. எங்க வூட்லயும் புள்ளகுட்டி கீது" என்று மூத்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இப்போது அறுத்தால்தான் பலகை ஐப்பசிக்குள் கொஞ்சமாவது உலரும். நேரே இட்லிக்கார அம்மாளிடம் போய், அந்த மரம் எதற்காக, நான் எங்கே படுக்கிறேன் என்பதைச் சொன்னேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"புள்ளத்தாச்சி ஈரத் தரையிலயா படுக்குது? இத்த மொதல்ல சொல்ல வாணாமா? பெயிண்டு, பெயிண்டுன்னு கூவிக்கினு கீற!" பிறகு தீர்ப்புச் சொன்னாள். "மொகம் எங்களுக்கு, ஒடம்பு உனுக்கு. ஆனா ஆத்தாளக் கேட்டுத்தான் எடுக்கணும். மொகம் வெச்சவன்தான் கேக்கணும்."

அவர் விடுவிடென்று வீட்டுக்குள் வந்தார். "முடியாது. வேற என்ன வேணா சொல்லு" என்றார். எனக்குக் கால் கடுத்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெல்லப் பாயில் உட்கார்ந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் செருப்பு போடாமல் வெளியே போனார்.

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். யாரோ தட்டில் கற்பூரம் ஏற்றிக் கையில் கொடுத்தார்கள். "வாயத் தொறந்து கேளு நைனா" என்றாள் அவள். ஆபீஸில் மைக் இல்லாமலே ஒரு மணி நேரம் பகுத்தறிவு பேசுகிறவர். தொண்டையைக் கனைத்தார். "என் பெண்டாட்டிக்கு ஒரு கட்டில் வேணும்" என்றார். கற்பூரம் அணைகிற வரைக்கும் தட்டைக் கீழே வைக்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

முகத்தை ஒரு சாண் கனத்துக்கு அறுத்தெடுத்து, தெருமுனையில் இட்லி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். மீதி பலகையும் சட்டமுமாக எங்கள் நடைக்கு வந்தது. காற்றுப் போக இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே புரட்டிப் போட்டார். வீடு முழுக்கக் கசப்பு வாசனை. தச்சர் இன்னும் ஈரம் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இழைத்தார். அவர் சொன்னது சரி. கட்டிலின் ஒரு கால் தரையைத் தொடவே இல்லை, தேங்காய்ச் சிரட்டை கொடுத்துச் சமாளித்தோம்.

ஐப்பசி பிறந்த வாரம் கட்டில் தயார். நிறைமாத வயிற்றோடு நான் படுத்துப் பார்த்தேன். எதையும் பிடிக்காமல் எழுந்தேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். "நீங்களும் படுங்க" என்றேன்.

அவர் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். படுத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்கின.

"ஏங்க, காலை மேல வைக்கிறதுதானே?"

"எனக்கு நீளம் பத்தலை" என்றார், கண்ணைத் திறக்காமல்.

என்னைவிட நான்கு விரல் குள்ளம் அவர். தலைமாட்டில் ஒரு முழம் இடம் காலியாகக் கிடந்தது. கல்யாணத்தன்று வராத பிரியமெல்லாம் அந்த மத்தியானம் எனக்கு வந்தது. வாய்வரைக்கும் வந்த கேலியை விழுங்கிவிட்டு, மூலையிலிருந்த முக்காலியை இழுத்து அந்தக் கால்களுக்கு அடியில் போட்டேன். அது மாமரம். உடனே காலை நீட்டிக் குறட்டை விட ஆரம்பித்தார்.