மிச்சமிருக்கும் பலகாரங்கள்

கண்டி டவுனில் ஒரு பலகாரக் கடைக்குக் கம்ப்யூட்டரில் விற்பனைப் படிவம் செய்து கொடுத்திருந்தேன். கண்ணாடி அலுமாரியில் எது மிச்சமோ, அதன் பெயரை மட்டும் டேட்டாபேஸிலிருந்து எடுத்துப் பட்டியலில் நிரப்பும்படி கோட் எழுதியிருந்தேன். லட்டு தீர்ந்தால் லட்டு என்ற பெயரும் போய்விடும்.

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை, வீட்டுக்குப் பலகாரம் வாங்கப் போனேன். அலுமாரிக்கு முதுகைக் காட்டிக் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி, என்னைக் கண்டதும் திரையைக் காட்டினார்.

"தங்கச்சி, லிஸ்ட்ல ஒண்ணுமே வர மாட்டேங்குது. உங்க கோட் பழுதாப் போச்சு."

நான் எழுதியதைக் குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பையை வைத்துவிட்டு வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் போட்டேன். அப்போதும் பட்டியல் வெறுமையாகவே இருந்தது. அலுத்துப்போய் நிமிர்ந்தபோதுதான் அலுமாரி கண்ணில் பட்டது. தீபாவளிக்கு ஊர் போகப் புசல்லாவை பஸ் பிடிக்க வந்த கூட்டம் முறுக்குத் தூளைக்கூட விட்டுவைக்கவில்லை.

"எல்லாம் வித்துப்போச்சு, அண்ணே."

அவரும் திரும்பிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன் வீட்டுக்கென்று மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, அதிலிருந்த லட்டுகளில் பாதியை என் பையில் போட்டார்.

"இத லிஸ்ட்ல போட்டுறாதீங்க."