கம்பி வலை போன இடம்

பாதுகாப்பு வேலை என்பது நடக்காத ஒன்றுக்காக நாள் முழுவதும் சண்டை போடும் வேலை. நடக்காதவரை உங்களைத் தொல்லை என்பார்கள், நடந்துவிட்டால் எங்கே போயிருந்தீர்கள் என்பார்கள். உங்கள் கம்பெனியில் இந்தப் பதவியைத் தலையில் வாங்கிக்கொண்டவர் நீங்களாக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பதவி வந்த கதை

கல்லூரியில் நான் தமிழ் இலக்கியம் படித்தேன். வாழ்க்கை முழுவதும் சொற்களோடு கழியும் என்று நினைத்தேன். கழிந்தது. கடலை மாவு, அரிசி மாவு, பாமாயில், ஓமம். கிள்ளானில் ஒரு முறுக்குத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக நான் ஆபீஸ் கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். வயது அறுபத்தாறு.

சின்ன இடங்களும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி மகேந்திரன் என் மேசைக்கு வந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து நான் இருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து என் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிய பையன். இன்றைக்கும் எனக்கு அவர் தம்பிதான். மூன்று நாள் படிப்பு, ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில், மதியச் சாப்பாடு உண்டு என்றார். எனக்கு இயந்திரம் எதுவும் தெரியாதே தம்பி என்றேன். அவர் சிரித்தார்.

"மெசின் தெரிய வேணாம் ஆன்டி. நீங்கதான் காலேஜ் படிச்சவங்க. சைன் மட்டும் அழகா போட்டா போதும் லா."

இருநூறு பக்கம்

அந்த மூன்று நாளும் நான் நன்றாகவே படித்தேன். ஆபத்தை முதலில் தேடு, தேடும்போது அங்கே வேலை செய்கிறவர்களைக் கேள், முடிந்தால் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் அதற்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வை, எச்சரிக்கைப் பலகையைக் கடைசியில் மாட்டு. இவ்வளவு எளிமையாக ஒரு நல்ல விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ரயிலில் திரும்பும்போது குறிப்பேட்டில் முதல் பக்கத்துக்குத் தலைப்புக்கூட எழுதிவிட்டேன்.

மறுநாள் என் மேசையில் ஒரு தடித்த கோப்பு கிடந்தது. முதலாளி தன் நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கி, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தார். இருநூறு பக்கம். நண்பர் கடலில் எண்ணெய் எடுக்கும் வேலையில் இருப்பவர். எங்கள் முறுக்குத் தொழிற்சாலையின் பாதுகாப்புத் திட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பது இருந்தது. அலையில் தவறி விழுந்தவரைத் தூக்கும் முறை இருந்தது. மாவு மெசின் இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை. முதல் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரு உறுதிமொழி மட்டும் எல்லோருக்கும் பொருந்துவதாக இருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு முன் அறையில் மாட்டி, அதன் பக்கத்தில் நின்று படமும் எடுத்து, அதையும் அங்கேயே மாட்டினார். மற்றப் பக்கங்களை நான் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கை வைக்காதீங்க ஆன்டி. ஆபீசர் வந்தா தூக்கிப் பார்ப்பாரு, படிக்க மாட்டாரு. கனம் இருக்கணும், அவ்வளவுதான்."

ஆயுத பூசை

எங்கள் மாவு மெசினைச் சொல்ல வேண்டும். ஆள் உட்காரும் அளவு பெரிய கிண்ணம். அதற்குள் ஒரு இரும்புக் கை சுழன்று மாவைப் பிசையும். கிண்ணத்தின் மேல் ஒரு கம்பி வலை. வலை இருந்தால் மாவு தெரியும், கை உள்ளே போகாது. பக்கத்தில் ஒட்டிய மாவை வழித்துவிட வேண்டுமானால் மெசினை நிறுத்தி, வலையைத் தூக்கி, வழித்து, மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம்.

ஆயுத பூசைக்கு வலையைக் கழற்றிக் கழுவினார்கள். கிண்ணத்துக்குச் சந்தனம், மோட்டாருக்கு மாலை, நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குச் சிவப்புக் குங்குமம். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அடுத்த வேலை நாள் காலையில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடியது. ஏதோ சரியில்லை என்று காது சொன்னது. வலை இருந்தால் அதன் கம்பிகள் நடுங்கி ஒரு சலசலப்பு வரும். முப்பது வருஷமாக அந்தச் சலசலப்புக்குத்தான் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அன்றைக்கு வெறும் உறுமல் மட்டும்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வலை இல்லை. மெசினில் பரமேஸ்வரி நின்றாள். எங்களுக்குப் பரமேஸ். ஐம்பதைத் தாண்டியவள், இருபது வருஷமாக அந்த மெசின் அவளுடையது. ஓடிக்கொண்டிருக்கும் கிண்ணத்துக்குள் கையை விட்டு மாவை வழித்தாள். இரும்புக் கை ஒரு சுற்று வருவதற்குள் தன் கையை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தாள். மறுபடி விட்டாள். வலை எங்கே என்று சூப்பர்வைசர் தனபாலனைக் கேட்டேன்.

"ஸ்டோர்ல பத்திரமா இருக்கு ஆன்டி. பங்சார் கடைக்காரன் தீபாவளி ஆர்டரைக் கேட்டு உசுரை எடுக்கிறான். தீபாவளி முடியட்டும், மெசினுக்குச் சட்டை மாட்டி விட்டுடலாம்."

வளையல்

அந்தத் தொழிற்சாலையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பிளவு வெட்டி, சாப்பாட்டு அறையில் வைத்து, ஆபத்தான எதைப் பார்த்தாலும் சீட்டு எழுதிப் போடுங்கள் என்றேன். பேர் போட்டு எழுதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும், என் வாயால்.

வலை போன எட்டாவது நாள் பரமேஸ் ஆபீஸுக்குள் வந்தாள். சீட்டை டப்பாவில் போடாமல் என் கையில் கொடுத்தாள். 'மிசினுக்கு வலை இல்ல. வளையல் மாட்டிக்கிச்சி. அடுத்தது கை.' ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. போட்ட கண்ணாடி வளையலைக் கழற்றாமல் வந்துவிட்டாள். இரும்புக் கை வளையலைப் பிடித்து இழுத்திருக்கிறது. வளையல் உடைந்ததால் கை தப்பியது. மணிக்கட்டில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாவில் கண்ணாடி விழுந்துவிட்டது, அதைப் பொரித்துவிடப் போகிறார்கள், உடனே சொல்லுங்கள் என்றாள்.

மாவைக் குப்பையில் கொட்டினார்கள். முறுக்கு மாவில் வளையல் கூடாது என்பது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலை சுவரில் 'வளையல் அணியத் தடை' என்ற அறிவிப்பு வந்தது. பரமேஸுக்குக் கவனக்குறைவு, பொருள் சேதம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைத் தட்டச்சு செய்ய நான் மறுத்தேன். தனபாலனே அடித்துக் கொடுத்தார். பரமேஸ் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்டி, வாயை மூடிக்கிட்டு மாவை அப்படியே பொரிக்க விட்டிருந்தா இந்த லெட்டர் வந்திருக்காதுல்ல?"

காலி டப்பா

அதற்குப் பிறகு என் டப்பாவில் ஒரு சீட்டும் விழவில்லை. அதற்கு முன்பாவது ஏதாவது விழும். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒன்று, மின்விசிறி சுற்றவில்லை என்று ஒன்று, பரமேஸ் அக்கா கொண்டுவரும் நெத்திலிச் சம்பலில் காரம் அதிகம் என்று ஒன்று. இப்போது ஒன்றுமில்லை. மாத அறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று பார்த்து முதலாளி மகிழ்ந்து போனார். திட்டம் வேலை செய்கிறது ஆன்டி என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடித்துக்கொண்டு நின்றதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நிற்கும் கமலா, சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"சும்மாதானே கிடக்குது ஆன்டி, எனக்குக் குடுங்க. உப்பு போட்டு வச்சிக்கிறேன்."

சிவப்புப் பொத்தான்

தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல். திடீரென்று பரமேஸ் "ஐயோ" என்றாள். ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை, கையுறையின் நுனியை மட்டும் மெசின் வாங்கிக்கொண்டது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மெசினுக்கு நகர்ந்தாள். பின்னால் தனபாலன், "ஏம்மா பரமேஸ், தூங்கிட்டியா, கையைச் சீக்கிரம் எடுக்கத் தெரியாதா?" என்றார்.

அந்தச் 'சீக்கிரம்' என்ற சொல்தான். குங்குமம் காய்ந்திருந்த பொத்தானை அமுக்கினேன். மெசின் நின்றது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொத்தானை மறைத்து உட்கார்ந்துகொண்டேன். வலை வந்தால்தான் எழுந்திருப்பேன் என்றேன். முதலாளி வந்தார். ஆர்டர் என்றார், லோரி காத்திருக்கிறது என்றார், உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றார். நீங்கள்தான் தம்பி என்றேன். முன் அறையில் மாட்டியிருந்த உறுதிமொழியின் நான்காவது வரி எனக்கு மனப்பாடம். 'ஆபத்தைக் காணும் எந்தத் தொழிலாளியும் வேலையை உடனே நிறுத்தலாம். அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது.' எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது, அழகாகவே இருக்கிறது என்றேன். அவர் முகம் சிவந்தது.

"அது சுவத்துல மாட்டறதுக்கு ஆன்டி! செய்யறதுக்கா?"

வலை

வலையைக் கொண்டுவாருங்கள் என்று முதலாளியே கடைசியில் கத்தினார். தனபாலன் ஸ்டோருக்குப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். காணவில்லை, மெசின் விற்றவனிடம் சொல்லிப் புதிது வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார். பரமேஸின் மணிக்கட்டில் பழைய காயத்தின் கறுப்புத் தழும்பு தெரிந்தது. அப்போது கமலா எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

அங்கே ஒரு டிரம்மின் மேல் வலை கிடந்தது. மாவு மெசினிலிருந்து பத்தடி. அதன்மேல் சூடாக முறுக்கு, கம்பிகளின் வழியே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வலையைக் கேட்ட மறுநாள், எண்ணெய் வடியத் தட்டு இல்லை என்று கமலா நின்றபோது தனபாலன்தான் இதை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்தும் போயிருக்கிறார். தட்டு வேண்டும் என்று அவள் வருஷத் தொடக்கத்தில் வந்த சீனப் பெருநாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் தினமும் அந்த டிரம்மைக் கடந்து போயிருக்கிறேன். என் பாதுகாப்புச் சோதனைத் தாளில் எண்ணெய்ச் சட்டி இருந்தது, தீயணைப்பான் இருந்தது, கமலா இல்லை. ஒரு நாள் அதே வலையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கோபத்தில் அவளிடம் பாய்ந்தேன். அவள் ஜல்லிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பரமேஸுக்கு வந்த லெட்டரைப் பாத்த பிறகு நான் வாயைத் தொறப்பேனா? நீங்க வலை எங்கேன்னு அவர்கிட்ட கேட்டீங்க. எனக்கு என்ன இல்லன்னு என்கிட்ட யாருமே கேக்கல, ஆன்டி."

கடிதம்

கிள்ளான் பாத்திரக் கடையில் வடிதட்டு அன்றைக்கே கிடைத்தது. போய் வர அரை மணி நேரம். வலையைச் சுடுநீரில் கழுவி மாட்டினார்கள். பங்சார் ஆர்டர் ஒரு நாள் தாமதமாகப் போனது, கடைக்காரர் செத்துவிடவில்லை.

தீபாவளி முடிந்ததும் பரமேஸின் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லி முதலாளியிடம் போனேன். ஃபைலில் போனது போனதுதான் என்றார். அதோடு, வயதாகிவிட்டது, டென்ஷன் வேண்டாம் ஆன்டி என்று என்னைப் பதவியிலிருந்து விடுவித்தார். புது ஒருங்கிணைப்பாளர் தனபாலன். போன வாரம் அதே ஹோட்டலுக்கு மூன்று நாள் போய் வந்தார். மதியச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி இருந்ததாம்.

நான் மறுபடியும் கிளார்க். சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் சலசலப்பு கேட்கிறது. கடிதத்தை எடுக்க வைக்க முடியவில்லை என்று பரமேஸிடம் சொல்லத் தைரியம் வர இரண்டு நாளானது. சாப்பாட்டு அறையில், அவள் சம்பல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சொன்னேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவள் நிமிர்ந்து பேச முடியாது. அவள் என் தட்டில் ஒரு கரண்டி சம்பலை வைத்தாள்.

"விடுங்க ஆன்டி. இனிமே வலை இல்லன்னா நானே பட்டனை அமுக்குவேன். ரெண்டாவது லெட்டர் வந்தா, ரெண்டையும் ஃப்ரேம் போட்டு முன் ரூம்ல முதலாளி படத்துக்குப் பக்கத்துலயே மாட்டிடுறேன்."

பத்தடி தூரத்தில் கிடந்த ஒரு கம்பி வலையை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு சட்டமும், மூன்று நாள் படிப்பும், இருநூறு பக்கக் கோப்பும், ஒரு கிழவியின் ஆத்திரமும் தேவைப்பட்டன. அவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் இந்த நாட்டில் யாரும் சான்றிதழ் தருவதில்லை.