லிப்ட்காரர் கட்சி மாறிய கதை

லிப்ட்காரர் கட்சி மாறிவிட்டாராம். அவர் மனைவியிடம் இதைச் சொன்னது தையல்கடைக்காரி. தையல்கடைக்காரியிடம் சொன்னது, கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்த யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க தையல்கடைக்காரிக்குத் தோன்றவில்லை. செய்தி கண் காது மூக்கு எல்லாம் வைத்து, நன்றாகவே வளர்ந்திருந்தது. எதிர்க்கட்சி அவருக்குச் சம்பளம் தருகிறதாம், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை முழுசாக வளைத்துப்போடுகிற பொறுப்பு அவருடையதாம்.

மனைவி வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார் லிப்ட்காரர்.

“சம்பளம்னாங்களே, அது எந்த வீட்டுக்குப் போகுதுன்னு யோசிச்சேன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாலிபத்திலிருந்து ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர், ஒரே பத்திரிகையைப் படித்தவர். ஆனால் சில வாரங்களாக அவர் செய்துவந்த காரியம் ஒன்று இருந்தது. அது அவருடைய கைபேசிக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் மச்சினனால் வந்தது. மனைவியின் ஒரே தம்பி, பல் செட் செய்பவன். அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் குடியிருக்கிறான். கட்டடத்தின் லிப்டைப் பராமரிப்பதோ இவர். மாதாமாதம் லிப்டைச் சோதித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு நேரே மச்சினன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். இவர் ஆளுங்கட்சி, அவன் எதிர்க்கட்சி. சாப்பாட்டோடு வாக்குவாதமும் உண்டு, அது இல்லாவிட்டால் இருவருக்கும் செரிக்காது.

வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் வந்தபோதுதான் விளையாட்டு வினையானது. இவர் சட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாட, மச்சினன் அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அதெல்லாம் முதலாளிகள் கிளப்பிவிட்ட புரளி என்று இவர் ஒரே வீச்சில் ஒதுக்கித்தள்ளினார். மச்சினன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அத்தான், உங்களுக்கு ஆமாம் போடாத எழுத்தை ஒரு வரியாவது படிச்சிருக்கீங்களா? உங்க லிப்ட் மாதிரி ஒரே குழிக்குள்ளதானே மேலயும் கீழயும் போயிட்டு இருக்கீங்க.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். தொழிலைத் தொட்டுவிட்டான். தட்டில் பாதி இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. மனைவி யார் பக்கமும் பேசவில்லை. விடுமுறை நாட்களில் மட்டும் தம்பிக்கென்று ஒரு ஆள் சாப்பாடு கூடவே சமைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்து வைக்கும்போது பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக மூடுவாள். அந்தச் சத்தம் அவர் காதில் நன்றாகவே விழும். கட்சி மாறிய செய்தி வந்த அன்றைக்குத்தான் அவள் மறுபடி வாய்விட்டுச் சிரித்தாள்.

மச்சினன் மூக்கை உடைக்க வேண்டுமென்றுதான் எதிர்த்தரப்பு வலைப்பூக்களைத் தேடத் தொடங்கினார். அவருக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லிப்டில் சத்தம் வருகிறது என்று யார் என்ன காரணம் சொன்னாலும் நம்பமாட்டார். முதலில் கீழிருந்து மேல்வரை, மேலிருந்து கீழ்வரை வாயைத் திறக்காமல் பயணம் செய்வார், அப்புறம்தான் ஒரு திருகாணியில் கை வைப்பார். படிப்பதிலும் அதையே செய்தார். கடைசி வரி வரும்வரை மனசுக்குள்கூட மறுப்புச் சொல்வதில்லை.

முதலில் கிடைத்தவர் எல்லாரையும் திட்டுகிற ஆசாமி. அந்தச் சத்தம் இவருக்குப் பழக்கமானதுதான். மூடி தளர்ந்து ஆடுகிறது, உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. தன்னிடம் இருக்கும் ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதையும், ஒழுகும் குழாயைப் பற்றித் தானும் குடியிருப்பவரும் போட்டுக்கொள்ளும் சண்டையையும், புதிய சட்டத்தால் இருவருமே எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதையும் எழுதியிருந்தார். லிப்ட்காரர் சிரித்துச் சிரித்துப் படித்தார். முடித்ததும் சிரிப்பு நின்றது. கழற்றிக் காட்ட ஒரு திருகாணிகூட அகப்படவில்லை.

ஒவ்வொரு வலைப்பூவின் ஓரத்திலும் அதை எழுதுபவர் படிக்கும் மற்ற வலைப்பூக்களின் பெயர்கள் இருந்தன. பெரும்பாலும் எல்லாம் ஒரே கூட்டம், தங்களுக்குள்ளேயே முதுகைத் தட்டிக்கொள்கிறவர்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மட்டும் ‘நான் சண்டை போடப் போகும் இடங்கள்’ என்று தலைப்புப் போட்டு, தனக்கு ஒத்துவராத ஆட்களை வரிசையாகக் கொடுத்திருந்தார். அந்த வழியாக நுழைந்தவருக்கு வேறொரு உலகமே திறந்துகொண்டது. இரண்டு கட்சிகளையும் ஒரே தராசில் வைத்துத் திட்டும் நர்ஸ் ஒருத்தி, பேருந்துக் கட்டணத்தைப் பற்றி மட்டுமே எழுதும் ஓட்டுநர், நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடங்களில் லிப்டே கூடாது என்று வாதாடும் ஒரு பொடியன். பொடியனைப் படித்த அன்று மட்டும் அவருக்குத் தூக்கம் கெட்டது. ஆனாலும் மறுநாள் மறுபடி போய்ப் படித்தார். மூக்கை உடைக்கப் புறப்பட்ட விஷயமே மறந்துபோயிருந்தது.

பிடித்ததைச் சேர்த்துவைக்க ஓர் இடம் வேண்டுமே. லிப்ட் கம்பெனி ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு வைக்கச் சொல்லியிருந்தது. ஆறு மாடிக் கட்டடத்துக் குழுவில் அவரும் காவலாளியும் மட்டும் இருந்தார்கள். காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டதால் அது பாழடைந்து கிடந்தது. தன் சொந்த அலமாரிபோல அதிலே இணைப்புகளைப் போட்டு, கீழே தனக்கென்று ஓரிரு வரியும் எழுதி வைத்தார்.

புரளி வீடு வந்து சேர்ந்த மறுநாள் அந்தக் கட்டடத்தில் மாதாந்திர வேலை. லிப்டை இரண்டாம் மாடியில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கதவுத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மாடியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் அம்மா வெளியே வந்தார்.

“ஏன் தம்பி, நேத்து ஒண்ணும் போடலையே. உடம்பு சரியில்லையா?”

எதைப் போடவில்லை என்று இவர் விழித்தார். அந்த அம்மா தன் கைபேசியை நீட்டினார். லிப்ட்காரருடைய அலமாரி அதிலே முழுசாகத் திறந்து கிடந்தது.

விஷயம் மெல்ல விளங்கியது. காவலாளி பொறுப்பான மனுஷன். போவதற்கு முன் கட்டடத்தில் இருக்கும் எல்லாரையும் குழுவில் சேர்த்திருக்கிறான், அந்த அறிவிப்பை இவர்தான் கவனிக்கவில்லை. தொல்லை வேண்டாமென்று, லிப்ட்காரர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் படிக்கத்தான் முடியும் என்று பூட்டும் போட்டிருக்கிறான். கட்டடமே படித்துக்கொண்டிருந்தது, ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை.

வயலின் அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத முதல் மாடிக்காரரும் நான்காம் மாடிக்காரியும் இப்போது தபால் பெட்டிகள் பக்கத்தில் நின்று நர்ஸைப் பற்றி வாதாடுகிறார்களாம். சிலர் லிப்ட்காரர் கட்சி மாறிவிட்டதாகச் சொல்கிறார்களாம், சிலர் இரண்டு கட்சியிலும் காசு வாங்குகிறார் என்கிறார்களாம். பூட்டை எடுத்துவிட்டால் நாங்களும் நாலு வார்த்தை திட்டலாமே என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார்.

லிப்ட்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். இணைப்புகள் போகட்டும். தனக்கென்று எழுதிய வரிகள்? விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். வங்கி அம்மாவின் கட்டுரைக்குக் கீழே அது இருந்தது. ‘மச்சான் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. சாப்பாட்டை விட்டு எழுந்தது என் தப்பு. அவனிடம் சொல்லத் தேவையில்லை.’

யார் யார் படித்தார்கள் என்று அழுத்திப் பார்த்தார். பெயர்கள் நீளமாக இறங்கின. நடுவில் மச்சான். எழுதிய அன்றைக்கே படித்திருக்கிறான்.

அப்படியே லிப்டுக் குழிக்குள் இறங்கி ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது. ‘சொல்லத் தேவையில்லை’ என்பதையும் படித்துவிட்டு, இத்தனை நாள் என்ன நினைத்திருப்பான்? கோபம் என்றால் எப்போதோ மேலேயிருந்து இறங்கி வந்து கேட்டிருப்பான். கேட்கவில்லை. படித்துவிட்டு, இவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறான், படுபாவி.

“அந்த மச்சான் யாரு தம்பி? எங்க எல்லாருக்கும் அதுதான் ரொம்ப நாளா சந்தேகம்” என்றார் வயலின் அம்மா.

“ஆறாவது மாடி. பல் செட்.”

“அட, அவரா? எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு கட்டினவராச்சே. இனி எழுதி வைக்காதீங்க, வாயால சொல்லிடுங்க.”

லிப்ட்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டடம் முழுக்கத் தெரிந்தபிறகு எதை ஒளிக்க? எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மச்சினனின் எண்ணை அழுத்தினார். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், மிச்சத்தைத்தான் அவன் படித்துவிட்டானே.

மணி அடித்தது. எடுக்கவில்லை. இன்னும் அடித்தது. வயலின் அம்மா கையைக் காட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னார். மாடிப்படிகளில், எங்கோ உயரத்தில், இன்னொரு கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தத்தோடு சேர்ந்து அது மாடி மாடியாகக் கீழே இறங்கியது. லிப்ட்காரர் எழுந்து நின்றார், அழைப்பைத் துண்டிக்காமல், கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு.