சாம்பல் கலந்த விதை

கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். கல்யாணமாகிப் பதினோரு மாதம் கழித்து அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. வெளியே கணவர் காத்திருந்தார்.

சுங்க அதிகாரி தமிழ்ப் பெண். நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு. ஊறுகாய், பொடி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை உருவிப் பிரித்தார். உள்ளே சாம்பல் நிறத் தூள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பருப்புக்கீரை விதையெல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தோட்டத்தில் தானாக முளைக்கிற களை அது. விதை கடுகைவிடப் பொடிசு என்பதால், ஒரே இடத்தில் கொட்டிவிடாமல் இருக்க அடுப்புச் சாம்பலைக் கலந்து தூவுவது அம்மாவின் வழக்கம். மகளுக்கு அந்த வேலையும் மிச்சமாகட்டும் என்று கலந்தே கட்டியிருக்கிறாள் மகராசி!

போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று விமானத்தில் அறிவித்தது காதிலேயே இருந்தது.

"அக்கா, இது என்னா பௌடர்?"

"விபூதி" என்று வாயில் வந்துவிட்டது. "குலதெய்வக் கோயில் விபூதி."

அவர் முகம் சட்டென்று மாறியது. கையுறையைக் கழற்றினார். "எங்கம்மாவுக்கு நாளைக்கு ஆப்பரேஷன் லா. நானும் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

மூன்று விரலால் எடுத்து, கண்ணை மூடி, கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். முந்தின நாள்தான் அம்மா அந்த அடுப்பில் கருவாடு சுட்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

பக்கத்து மேசை அதிகாரி எழுந்து நின்றார்.

"விபூதி இல்ல மேடம். அடுப்புச் சாம்பல். உள்ள கீரை விதை இருக்கு. பயத்துல பொய் சொல்லிட்டேன்."

அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். பொட்டலம் சோதனைக்குப் போனது. கணவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனைத் தொடக் கூடாது என்றார்கள். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அம்மாவை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் அதிகாரியே வந்தார்.

"விதை கொண்டாரக் கூடாது, அதைத் தூக்கிப் போட்டாச்சு. நெத்தியில வெக்க விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது லா, அக்கா. போங்க."

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அவர் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று இன்றும் உறுத்துகிறது.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, சாக்கடை ஓரமெல்லாம் அதே பருப்புக்கீரை. ஒரு வாரம் கழித்து அம்மா போனில் கேட்டாள்: "விதை முளைச்சுதாடி?"

நடந்ததைச் சொன்னால் அவள் சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்துவிடுவாள். கீழே போய் ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

அந்த அதிகாரியிடம் ஒரு நிமிடம்கூடத் தாங்காத பொய், அம்மாவிடம் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. படம் அனுப்பும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்.

"பார்த்தியா, சாம்பல் கலந்து குடுத்ததாலதான் இப்படி வந்திருக்கு."